வெட்டும் களிம்பும்: கொங்கு மண்டலப் பண்டைய வெள்ளிக் காசுகளின் சுத்திகரிப்பும் மெய்ம்மை ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு மண்டலத்தில் கிடைக்கும் பண்டைய வெள்ளிக் காசுகளுள் பெரும்பாலானவை அகழாய்வு மண்ணடுக்குகளிலிருந்து பெறப்பட்டவை அல்ல. புதையல்களிலிருந்தும் ஆற்று மணலிலிருந்தும் தற்செயலாகக் கிடைத்தவை அவை. மண்ணடுக்குச் சான்று இல்லாத இக்காசுகளுக்கு அவற்றின் மேற்பரப்பில் படிந்துள்ள அரிமானப் படலமே எஞ்சியுள்ள சூழற்சான்று ஆகும். காசைப் படிக்கத்தக்கதாக்கும் சுத்திகரிப்பு, அக்காசு மெய்யானதா என்று அறிவதற்குரிய இச்சான்றையே அழித்துவிடுகிறது. உரோமத் தெனாரியஸ்கள், அவற்றின் மீதுள்ள வெட்டுக்குறிகள், மாக்கோதை பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசு ஆகியவற்றை முன்வைத்து இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தெனாரியஸ், வெள்ளிக் குளோரைடு, வெட்டுக்குறி, மாக்கோதை, வண்ணக்கன், மெய்ம்மை ஆய்வு

முன்னுரை

சங்க காலப் புலவர் பெயர்கள் சிலவற்றில் ‘வண்ணக்கன்’ என்னும் அடைமொழி காணப்படுகிறது. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார் ஆகியோர் எடுத்துக்காட்டுகள். பொன்னையும் காசையும் சோதித்து மாற்றுக் காண்பவன் வண்ணக்கன் எனப் பொருள் கொள்வர். கரூரை அடுத்த புகலூரில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று ‘கருவூர் பொன்வாணிகன்’ ஒருவனைக் குறிப்பிடுகிறது. பிறநாட்டுக் காசுகள் வந்து குவிந்த ஒரு நிலப்பகுதியில், வந்த காசு நல்லதா என்று பார்த்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டோர் இருந்தனர் என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

அந்த வண்ணக்கனுக்கும் இன்றைய காசியல் ஆய்வாளருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வண்ணக்கன் கையில் வந்த காசு உலோகமாகவே இருந்தது. ஆய்வாளர் கையில் வரும் காசு ஈராயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்து, ஒரு பகுதி உலோகமாகவும் ஒரு பகுதி கனிமமாகவும் மாறிய பொருள். அதனை வெறும் அழுக்கடைந்த காசு எனக் கருதி, கழுவினால் பழைய காசு மீண்டும் கிடைக்கும் என நம்புவதிலிருந்தே பிழைகள் தொடங்குகின்றன.

காசுகள் வந்த வழி

தென்னிந்தியாவில் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளுள் இரண்டு வகைகள் மிகுதி. முதல் வகை அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் அவருடைய பேரர்களும் தத்துப் பிள்ளைகளுமாகிய கையஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கின்றனர். இரண்டாம் வகை டைபீரியஸ் வெளியிட்டது. அமர்ந்த நிலையில் ஒரு பெண்ணுருவமும் தலைமைப் பூசாரி என்னும் பட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் எழுத்துகளும் அதன் பின்புறத்தில் உள்ளன. இரண்டும் இன்றைய பிரான்சின் லியோன் நகராகிய லுக்துனும் அக்கசாலையோடு தொடர்புபடுத்தப்படுபவை. உடுமலைப்பேட்டைப் பகுதியின் பூதிநத்தத்தில் கிடைத்த புதையல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெனாரியஸ்களைக் கொண்டது. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளியில் கிடைத்ததில் 1,500-க்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன. இரண்டிலும் இவ்விரு பேரரசர்களின் காசுகளே பெரும்பான்மை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் உரோமக் காசுகளுக்கு டி.ஜி. அரவமுதன் 1942-இல் அட்டவணை வெளியிட்டார். இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகள் அனைத்தையும் தொகுத்த பவுலா டர்னரின் நூல் 1989-இல் வெளிவந்தது.

புதையல்களின் நிலை ஓரளவு பரவாயில்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கப்பட்டவற்றுக்குக் குறைந்த அளவேனும் ஆவணம் உண்டு. அறிவிக்கப்படாமல் உருக்கப்பட்டவற்றைப் பற்றிப் பேசப் பயனில்லை. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகளின் நிலை வேறு. மணலை அரித்துக் காசு தேடுவோரிடமிருந்து வணிகர் கைக்கும், வணிகரிடமிருந்து சேகரிப்பாளர் கைக்கும் அவை சென்றன. இந்த வழியில் எங்கோ ஓரிடத்தில், பெரும்பாலும் முதல் நாளிலேயே, காசு புளியாலும் சாம்பலாலும் தேய்க்கப்பட்டுவிடுகிறது. குத்துவிளக்கையும் வெள்ளிக் கொலுசையும் துலக்கிப் பழகிய கைகளுக்கு இது இயல்பான செயல். பளபளக்கும் காசுக்கு விலையும் கூடுதல். ஆகவே ஆய்வாளர் காணும் காசு பலமுறை, ஏற்கெனவே ஒருமுறை சான்றழிந்த காசாகவே இருக்கிறது.

குளோரைடுப் படலத்தின் இயல்பு

வெள்ளி மண்ணிலுள்ள உப்போடு வினைபுரிந்து வெள்ளிக் குளோரைடாக மாறுகிறது. சாம்பல் நிறமும் சிலபோது ஊதா கலந்த பழுப்பு நிறமும் கொண்ட இப்படலம், கத்தி முனையால் மெழுகைப்போல் செதுக்கக்கூடிய அளவுக்கு மென்மையானது. கந்தகம் மிகுந்த சூழலில் தோன்றும் கருநிறச் சல்பைடு மெல்லிய பூச்சு மட்டுமே. குளோரைடோ காசின் உட்புறம் வரை செல்லும். இதற்கு உலோகத்தின் கட்டமைப்பே காரணம். வெள்ளி நுண்ணிய படிக மணிகளின் தொகுதி. மணிகள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளில் செம்பும் ஈயமும் காலப்போக்கில் பிரிந்து தங்குகின்றன. அரிமானம் அந்த எல்லைகளின் வழியே உள்ளே நுழைகிறது. எஃப்.சி. தாம்சனும் ஏ.கே. சாட்டர்ஜியும் பழைய வெள்ளிக் காசுகள் ஏன் நொறுங்குகின்றன என்பதை 1954-இல் ஆராய்ந்தபோது, முதுமையால் நேரும் இந்த நொறுங்குதன்மைக்கு உலோகத்திலுள்ள சிறிதளவு ஈயத்தைக் காரணமாகக் காட்டினர். கீழே விழுந்து இரண்டாக உடைந்த ஒரு தெனாரியஸின் முறிவுப் பரப்பு சர்க்கரைக் கட்டியின் முறிவைப்போல் மணிமணியாக இருப்பது இதனால்தான்.

உடைந்த காசுக்குச் சந்தையில் விலையில்லை. மெய்ம்மை ஆய்விலோ முழுக்காசைவிட அதற்கே மதிப்பு அதிகம். முறிவுப் பரப்பில் மணி எல்லைகளின் வழியே குளோரைடு உள்ளே சென்றிருப்பது நுண்ணோக்கியில் தெரியுமானால், அக்காசின் பழமைக்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை. போலி செய்வோர் சில நிமிடங்களில் கந்தகச் சேர்மங்களைக் கொண்டு வெள்ளியைக் கருக்கலாம். குளோரைடுப் பூச்சையும் வேதிப்பொருள்களால் உண்டாக்கலாம். அப்பூச்சு உலோகத்தின் மேல் ஒரு தனித் தோலாக, தெளிவான எல்லைக் கோட்டோடு நிற்கும். மணி எல்லைகளுக்குள் ஊடுருவி வேரோடுவதற்குக் காலம் வேண்டும்.

வெள்ளி குளோரைடாக மாறும்போது அதன் கன அளவு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. எனவே படலத்தின் மேற்புறம் காசின் பழைய மேற்பரப்பு அன்று. மூக்கும் கண்ணும் எழுத்துக் கோடும் அமைந்த பழைய மேற்பரப்பு, படலத்தின் உள்ளே எங்கோ இருக்கிறது. சிலபோது உலோகத்தின் விளிம்பில் அது கிடைக்கும். அரிமானம் மிகுந்த காசில் குளோரைடுக்கு உள்ளேயே ஒரு மெல்லிய தளமாக மட்டும் நிற்கும். இரண்டாம் வகைக் காசைத் தயோசல்பேட்டுக் கரைசலில் இட்டால் குளோரைடு முழுவதும் கரைந்துவிடும். வெள்ளைவெளேர் என்று ஒரு காசு வெளிவரும். அதில் முகம் இருக்காது.

இதனை உணர்ந்தே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆர்.எம். ஆர்கன் 1960-களில் வேறொரு வழியைக் கையாண்டார். மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறையில் கிடைத்த வெள்ளி யாழ் முற்றிலும் குளோரைடாக மாறியிருந்தது. அவர் அதனைக் கரைக்காமல், மிகக் குறைந்த மின்னோட்டத்தைச் செலுத்தி, குளோரைடை இருந்த இடத்திலேயே மீண்டும் வெள்ளியாக்கினார். வடிவம் காப்பாற்றப்பட்டது. 1979-இல் மெக்லியோடும் நார்த்தும் காரக் கரைசலில் டைதயோனைட்டைக் கொண்டு இத்தகைய ஒடுக்கத்தை எளிதாக்கும் முறையை வெளியிட்டனர். பாதுகாப்பியல் நோக்கில் இவை பெரிய முன்னேற்றங்கள். மெய்ம்மை ஆய்வின் நோக்கில் இவற்றுக்கும் ஒரு விலை உண்டு. ஒடுக்கப்பட்ட வெள்ளி நுண்துளைகள் நிறைந்த புதிய உலோகம். அது நேற்று உண்டானது. எந்தப் பகுதி பழைய உலோகம், எந்தப் பகுதி மீட்கப்பட்டது என்பதைப் பின்னர் வரும் ஆய்வாளர் எளிதில் பிரித்தறிய இயலாது. எனவே மாதிரி எடுத்துப் பதிவு செய்வதற்கு முன் ஒடுக்கத்தை மேற்கொள்வது, தடயத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பாகும்.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. மின்பகுப்பு முறையை அமெரிக்காவில் ஃபிங்க், எல்ட்ரிட்ஜ் இருவரும் 1925-இல் விரிவாக அறிமுகப்படுத்தினர். சில ஆண்டுகளுக்குள், 1930-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் எஸ். பரமசிவன் அம்முறையை வெண்கலப் படிமங்களைக் காப்பதற்குப் பயன்படுத்தினார். நோயுற்ற வெண்கலத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அன்று இருந்தது. வெள்ளிக் குளோரைடு அத்தகைய நோயன்று. வெண்கலத்தைப்போல் அது தானாகப் பெருகிப் பொருளை அழிப்பதில்லை. ஆகவே வெள்ளிக் காசில் அவசரத்துக்கு இடமில்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

எடையும் ஒப்படர்த்தியும்

இலங்கை மன்னன் ஒருவன் உரோமத் தெனாரியஸ்களைக் கண்டபோது, அவற்றின் உருவங்கள் வெவ்வேறு பேரரசர்களைக் காட்டினும் எடை ஒன்றாகவே இருந்தது கண்டு வியந்தான் எனப் பிளினி எழுதுகிறார். காசின் எடை அன்று நேர்மையின் அளவுகோலாக இருந்தது. இன்று அது காலக் கணிப்பின் அளவுகோல். அகஸ்டஸ் காலத் தெனாரியஸ் உரோம இராத்தலின் 84-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.9 கிராம். கி.பி. 64-இல் நீரோ அதனை 96-இல் ஒரு பங்காக, ஏறத்தாழ 3.4 கிராமாகக் குறைத்தார். முத்திரைக் காசுகளின் தேய்மானத்தை எடைபோட்டு அவற்றின் கால வரிசையைக் கணித்த டி.டி. கோசாம்பியின் முறையும் எடையின் நுண்ணிய வேறுபாடுகளையே நம்பியிருக்கிறது.

குளோரைடு படிந்த காசில் இவ்வளவுகோல் எவ்வாறு பிறழ்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். மண்ணிலிருந்து எடுத்த நிலையில் ஒரு காசு 3.90 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அதில் 0.80 கிராம் குளோரைடு. குளோரைடின் எடையில் நூற்றுக்கு 75 பங்கே வெள்ளி. ஆகவே அப்படலத்தில் அடங்கிய வெள்ளி 0.60 கிராம். புதைந்த நாளில் காசின் எடை 3.70 கிராம். இது சிறிது தேய்ந்த டைபீரியஸ் காசுக்கு இயல்பானதே. சுத்தம் செய்தபின் தராசு காட்டுவது 3.10 கிராம். முன்பிருந்த எடையைக் குறிக்காமல் விட்டவர், இதனை நீரோவுக்குப் பிந்திய காசென்றோ, எடை குறைந்த உள்ளூர்ப் போன்மை என்றோ கருத இடமுண்டு. அவரது முடிவில் பிழை சொல்ல இயலாது. பிழை அவருக்கு முன் நேர்ந்தது.

ஒப்படர்த்தி முறை இதைவிட விந்தையான முடிவைத் தருகிறது. தூய வெள்ளியின் ஒப்படர்த்தி 10.49; குளோரைடின் ஒப்படர்த்தி 5.56. மேற்சொன்ன காசைச் சுத்தம் செய்யாமல் நீரில் எடைபோட்டால் கிடைக்கும் மதிப்பு ஏறத்தாழ 8.9. செம்பின் ஒப்படர்த்தி 8.96. உயர்ந்த மாற்றுள்ள நல்ல காசு, செப்புக் கருவின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக் காசாகத் தோன்றுகிறது. ஒரே காசு, சுத்தம் செய்யுமுன் ஒரு சோதனையிலும் செய்தபின் மற்றொரு சோதனையிலும் தண்டிக்கப்படுகிறது. இரண்டு நிலைகளிலும் அளந்து, படலத்தின் எடையைத் தனியே பதிவு செய்தால் மட்டுமே உண்மை வெளிப்படும்.

மேற்பரப்பை மட்டும் அறியும் கருவிகளிலும் எச்சரிக்கை வேண்டும். எக்ஸ்-கதிர் உடனொளிர்வுக் கருவி காசைச் சேதப்படுத்துவதில்லை என்பதால் பலராலும் விரும்பப்படுகிறது. வெள்ளியில் அது காணும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பிலிருந்து செம்பு வெளியேறி, அங்கே வெள்ளியின் செறிவு கூடியிருக்கும். அமிலத்தால் கழுவிய காசில் இது இன்னும் மிகும். எனவே கருவி காட்டும் மாற்று உண்மையைவிட உயர்ந்திருக்கும். நீரோ முதல் டிராஜன் வரையிலான காசுகளை ஆராய்ந்த புட்சர், பாண்டிங் இருவரும் 2014-இல் வெளியிட்ட தம் நூலில், விளிம்பில் நுண்துளையிட்டு உள்உலோகத்தை எடுத்து ஆய்ந்ததும், முந்தைய மேற்பரப்பு அளவீடுகளைத் திருத்த நேர்ந்ததும் இதனால்தான்.

பச்சை சொல்வது

அகஸ்டஸ், டைபீரியஸ் காலத் தெனாரியஸ்களில் செம்பு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே. அத்தகைய காசின் மேல் திரண்ட பச்சைக் களிம்பு காணப்படுமாயின் அதற்கு விளக்கம் வேண்டும். செப்புக் காசுகளோடு ஒரே பானையில் கிடந்திருக்கலாம். அப்போது பச்சை மேலிருந்து படிந்திருக்கும். அதன் அடியில் வெள்ளியின் பரப்பு சிதையாமல் இருக்கும். காசே செப்புக் கருவுடையதானால், பச்சை உள்ளிருந்து வெடித்து வரும். விளிம்பிலும் மேடான மூக்கு, காது ஆகிய இடங்களிலும் வெள்ளித் தகடு கிழிந்து, அக்கிழிசலின் வாயில் பச்சை கொப்புளித்திருக்கும். பார்மிக் அமிலம் வெள்ளியைத் தொடாமல் செம்பின் களிம்பை மட்டும் கரைப்பது என்பதால் அதனைத் தீங்கற்ற முறை எனக் கைநூல்கள் பரிந்துரைக்கின்றன. உலோகத்துக்கு அது தீங்கற்றதே. பச்சை மேலிருந்து வந்ததா, உள்ளிருந்து வந்ததா என்னும் கேள்விக்கு அது தீங்கற்றதன்று.

கள்ளக் காசு என்றவுடன் அதனை ஒதுக்கிவிடும் பழக்கமும் இங்குக் கேள்விக்குரியது. உரோமில் கள்ளத் தெனாரியஸின் மாதிரியைக் கற்றுக்கொள்வதற்காகப் பல நல்ல தெனாரியஸ்கள் கொடுத்து வாங்கினர் எனப் பிளினி குறிப்பிடுகிறார். கொங்கு நாட்டில் கிடைக்கும் ஒரு செப்புக் கருக் காசு, அது பழங்காலத்தே செய்யப்பட்டதெனில், வண்ணக்கனின் கண்ணைத் தப்பிவந்த காசு. வணிக வரலாற்றுக்கு அதன் பெறுமதி நல்ல காசினும் குறைந்ததன்று.

வெட்டின் காலம்

இந்தியாவில் கிடைக்கும் உரோமக் காசுகளின் தனிக்கூறு அவற்றின் மீதுள்ள வெட்டு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளுள் மிகப் பலவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு காணப்பட்டது. அதே ஆண்டில் அவற்றை வெளியிட்ட ஜி.எஃப். ஹில், புழக்கத்திலிருந்து விலக்கவே அவை வெட்டப்பட்டன எனக் கருதினார். உள்ளே வேற்று உலோகம் உண்டா எனப் பார்க்க வெட்டினர் என்றும், பிற அரசனின் முகத்தை ஏற்க மறுத்து வெட்டினர் என்றும், காசு என்னும் நிலையை நீக்கி வெறும் உலோகமாக்க வெட்டினர் என்றும் பின்வந்தோர் கூறினர். வெள்ளியில் வெட்டு அத்துணைப் பரவலன்று. அக்கன்பள்ளிக் காசுகளில் வெட்டுகளோடு சிறு குறியீட்டு முத்திரைகளும் உள்ளன.

இவ்விவாதத்தில் பங்குகொண்டோர் பெரும்பாலும் வெட்டின் இடத்தையும் திசையையும் கருதினர். அதன் வயதைக் கருதியோர் குறைவு. பொன் அரிப்பதில்லையாதலால் பொற்காசில் வெட்டின் வயதைப் பரப்பிலிருந்து அறிவது கடினம். வெள்ளியில் அது இயலும். பழங்காலத்து வெட்டானால், காசின் முகத்திலுள்ள அதே குளோரைடு வெட்டின் இரு சுவர்களிலும் தடையின்றித் தொடர்ந்து இறங்கும். வெட்டின் அடியில், உளி நசுக்கிய உலோகத்தில், அரிமானம் இன்னும் ஆழமாகச் சென்றிருக்கும்; நசுங்கிய உலோகம் எளிதில் அரிபடும். மண்வெட்டியாலோ சல்லடையாலோ நேர்ந்த புதுக்கீறலானால், படலம் அங்கே உடைந்து நிற்கும். உள்ளே வெள்ளி பளிச்சிடும். விற்பவர் பித்தளைக் காசில்லை என்று காட்டுவதற்காக அரம் கொண்டு விளிம்பில் தேய்த்த தடமும் அவ்வாறே பளிச்சிடும்.

தயோசல்பேட்டில் ஒரு மணிநேரம் ஊறியபின் மூன்றும் ஒன்றாகத் தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டின் உளியும் இருபதாம் நூற்றாண்டின் மண்வெட்டியும் ஒரே வெண்மையில் கலந்துவிடும். வெட்டுண்ட காசுகளின் விழுக்காட்டைக் கொண்டு தமிழக அரசர்களின் நாணயக் கொள்கையைப் பற்றி முடிவுகூற முற்படும் ஆய்வுகள், தாம் எண்ணும் வெட்டுகள் எந்நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதை முதலில் நிறுவ வேண்டும். படலம் நீங்கிய காசுகளை அந்த எண்ணிக்கையில் தனிப்பிரிவாக வைப்பதே முறை.

மாக்கோதைக் காசு

கரூர் அமராவதிப் படுகையில் கிடைத்தவையாக இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட சேரர் வெள்ளிக் காசுகள் இச்சிக்கலின் கூர்முனை எனலாம். தலையுருவமும் அதனோடு ‘மாக்கோதை’ எனத் தமிழ் பிராமியில் பெயரும் பொறித்த காசு அவற்றுள் ஒன்று. ‘குட்டுவன் கோதை’ எனப் பெயர் பொறித்தது மற்றொன்று. சங்க காலச் சேரரின் வரலாற்றுக்கு இவற்றின் பெறுமதி மிகப் பெரிது. தலையுருவம் உரோமக் காசின் தாக்கத்தைக் காட்டுகிறது. இவை மண்ணடுக்குச் சான்றோடு கிடைத்தவை அல்ல. எனவே ஒவ்வொரு காசின் மெய்ம்மையும் அந்தந்தக் காசின் உடலிலிருந்தே நிறுவப்பட வேண்டும். ஒன்று மெய்யென நிறுவப்பட்டால் அதே பெயர் தாங்கிய பிறவும் மெய்யாகிவிடா. மெய்யான ஒரு காசின் புகழே அதன் போலிகளைத் தோற்றுவிக்கிறது.

வேதியியல் ஒரு வழியைக் காட்டுகிறது. பழங்காலத்தில் வெள்ளியை ஈயத்தோடு உருக்கிப் புடமிட்டுப் பிரித்தனர். இம்முறை வெள்ளியில் கலந்துள்ள பொன்னை நீக்குவதில்லை. சிறிது ஈயத்தையும் பிஸ்மத்தையும் விட்டுச் செல்கிறது. மின்பகுப்பால் தூய்மையாக்கப்பட்ட இக்கால வெள்ளியில் இத்தடயங்கள் இரா. எனவே பொன்னும் ஈயமும் அறவே அற்ற ‘சங்ககால’ வெள்ளிக் காசு ஐயத்துக்குரியது. சேரர் தம் வெள்ளியை உரோமத் தெனாரியஸ்களை உருக்கியே பெற்றனர் என்னும் கருதுகோளையும் இவ்வாறே சோதிக்கலாம். அவ்வாறாயின் மாக்கோதைக் காசின் மாற்றும், பொன், ஈயத் தடயங்களின் அளவும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளின் அளவுகளோடு நெருங்கி நிற்க வேண்டும்.

ஆயின் இச்சோதனைக்கு ஒரு வழிமடக்கு உண்டு. கொங்கு நாட்டில் தேய்ந்த தெனாரியஸ்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை இன்று ஒருவர் உருக்கிப் புது அச்சில் அடித்தால், அக்காசின் பொன்னும் ஈயமும் பழமைக்குரிய அளவிலேயே இருக்கும். தடயத் தனிம ஆய்வு அதற்கு நற்சான்று வழங்கும். ஈய ஓரிடத்தான் ஆய்வும் வழங்கும். அத்தகைய போலியைக் காட்டிக்கொடுக்கக்கூடியது ஒன்றே. உருக்கியபோது பழைய மணிக் கட்டமைப்பு அழிந்துவிடும். மணி எல்லைகளில் வேரோடிய குளோரைடு இராது. சேர்க்கை பழையது, அரிமானம் புதியது என்னும் முரண்பாடு வெளிப்படும். அந்த அரிமானத்தை, காசு மெய்யானதோ பொய்யானதோ, முன்பே கழுவி நீக்கிவிட்டால், இரண்டையும் வேறுபடுத்த வேறு வழி இல்லை. படம் எடுப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு சேரர் காசைக் கழுவியவர், அதன் எதிர்கால மறுப்பாளருக்கு ஆயுதம் கொடுத்தவராகிறார்.

எழுத்தும் புள்ளியும்

சுத்தம் செய்யாமல் எழுத்தைப் படிப்பது எவ்வாறு என்பது நியாயமான வினா. சாதவாகனரின் இருமொழி வெள்ளிக் காசுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருபுறம் அரசன் தலையும் பிராகிருத வாசகமும், மறுபுறம் உச்சயினிக் குறியும் மலைமுகடும் திராவிட மொழி வாசகமும் கொண்ட இக்காசுகளின் மொழி தமிழே என இரா. நாகசாமி வாதிட்டார். மாற்றுக் கருத்துகளும் எழுந்தன. விவாதம் ஓரிரு எழுத்துகளின் கோடுகளைச் சார்ந்தது. காசின் விட்டம் ஒரு விரல்நுனி அளவு. எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர் அளவு. படலத்தின் அடியில் ஒரு கோடு மறைந்திருந்தால் மொழியே மாறிவிடலாம்.

தமிழ் பிராமியில் இடர்ப்பாடு மேலும் நுட்பமானது. மெய்யெழுத்தைக் குறிக்கும் புள்ளி, ஐராவதம் மகாதேவன் முதலியோர் காலக் கணிப்புக்குப் பயன்படுத்திய கூறுகளுள் ஒன்று. ‘மாக்கோதை’ என்னும் சொல்லில் ‘க்’ என ஒரு தனிமெய் உண்டு. அவ்விடத்தில் புள்ளி உண்டா இல்லையா என்பது காசின் காலத்தைப் பற்றிய சான்று. குளோரைடு கொப்புளம் ஒன்று அங்கே திரண்டால் புள்ளி முளைத்ததுபோல் தோன்றும். ஊசிமுனையால் அக்கொப்புளத்தை நீக்கியவர் உண்மையான புள்ளியையே நீக்கியிருக்கவும் கூடும். அச்சில் வெட்டிய புள்ளியானால் அதனைச் சுற்றி உலோகம் வழிந்து நிரம்பிய தடம் இருக்கும். அதே அச்சில் அடித்த பிற காசுகளிலும் அதே இடத்தில் அது காணப்படும். ஒரு காசை மட்டும் வைத்துப் புள்ளியைப் பற்றி முடிவுகூறுவது பாதுகாப்பானதன்று.

எனவே எழுத்துள்ள பகுதியை மட்டும், நுண்ணோக்கியின் கீழ், கருவியால் சிறிது சிறிதாகத் திறந்து, ஒவ்வொரு நிலையிலும் படம் எடுப்பதே தகும். இதனைச் சாளர முறை எனலாம். பின்புறமும் விளிம்பும் வெட்டுக்குறியின் உட்புறமும் தொடப்படாமல் விடப்பட வேண்டும். கரைசலில் முழுக்காசையும் ஊறவைப்பது எந்நிலையிலும் முதல் வழியாகக் கூடாது. ஊடுகதிர்ப் படம் சிலபோது படலத்தைத் திறக்காமலே எழுத்தின் சாயலைக் காட்டும். குளோரைடும் வெள்ளியும் கதிரைத் தடுக்கும் திறனில் மிக வேறுபடாதபோது அது பயன்தராது.

பழைய தொகுப்புகளில் உள்ள காசுகளோ பெரும்பாலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வெளுக்கப்பட்டவை. அவற்றுக்கு இம்முறை காலம் கடந்த அறிவுரை. எனினும் கழுவிய கை எல்லா இடத்தையும் எட்டுவதில்லை. உளிவெட்டின் அடிமுனை, எழுத்துகளின் உள்வளைவு, காதுமடலின் பின்பள்ளம், விளிம்பில் அடித்தபோது விரிந்த வெடிப்பு ஆகிய இடங்களில் பழைய படலத்தின் துணுக்குகள் பலவேளை எஞ்சியிருக்கும். அருங்காட்சியகப் பேழைகளில் ‘தெனாரியஸ், டைபீரியஸ், வெட்டுண்டது’ என ஒற்றை வரியோடு கிடக்கும் காசுகளில் முதலில் பார்க்க வேண்டியது அவ்விடங்களையே. ஒரு கைநுண்ணோக்கியும் சாய்வொளியும் அதற்குப் போதும்.